லோஷ்னியைப் பற்றி நான் சொன்னது

4 ஜூன் 2025, புதன்

புகழேந்தி வந்திருந்தார். பொன்வயல் பள்ளியின் தாளாளர் என்று ஊர் இப்போது மரியாதையாகச் சொல்கிறது. எனக்கு அவர் இன்னும் உரக்கடை வைத்திருந்த புகழேந்திதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் மாறவில்லை.

பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து ஆங்கில ஆசிரியை வருகிறாராம். "நேட்டிவ் ஸ்பீக்கர் மேடம். ஏஜென்சி மூலமா ஏற்பாடு. நம்ம பக்கத்துல நம்ம ஸ்கூல்தான் ஃபர்ஸ்ட்." அவர் தங்க மாடி அறை வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டும், அவரிடம் ஆங்கிலத்தில் பேச ஆளும் இருக்கிற வீடு திருவிடைமருதூரில் இது ஒன்றுதான் என்றார். இரண்டாவது காரணத்துக்காகச் சரி என்றேன்.

பள்ளியின் ஆலோசனைக் குழுவில் நான் இருக்கிறேன். பேச்சுப் போட்டிக்கு நடுவர் நான். ஆங்கிலம் என்று வந்தால் என் வார்த்தைதான் கடைசி. இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே உத்தியோகம்.

பீரோவிலிருந்து பீங்கான் டீ செட்டை எடுத்துக் கழுவி வைத்தேன்.

9 ஜூன், திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

காலை பதினோரு மணிக்குப் புகழேந்தியின் கார் வாசலில் நின்றது. போட்டோகிராபர், ரோஜா மாலை, நாலைந்து பெற்றோர்கள். முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நல்ல கறுப்பு, சுருட்டை முடி, முப்பது வயது இருக்கும். ஏஜென்சியிலிருந்து துணைக்கு வந்தவள் என்று நினைத்தேன். "டீச்சர் எங்கே?" என்று அவளிடமே ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இதோ இருக்கிறேனே, ஆன்ட்டி" என்றாள்.

போட்டோகிராபர் இன்னும் பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகழேந்தி மாலையைக் கையில் வைத்தபடி ஒரு நிமிடம் நின்றார், பிறகு போட்டார். கூட்டத்தில் ஒருவர் மெதுவாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது: "நம்ம குத்தாலத்துப் பொண்ணு மாதிரில்ல இருக்கு."

பெயர் லோஷ்னி கோவெண்டர். தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரம்.

என்னை யாரும் ஆன்ட்டி என்று கூப்பிட்டதில்லை. மிஸஸ் ராஜகோபாலன் என்று சொல்லச் சொன்னேன். "ஓகே ஆன்ட்டி" என்றாள்.

12 ஜூன், வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். இங்கே தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகும். எங்கள் குத்தாலம் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற நடராசன் நாற்றங்காலுக்கு உழுதுவிட்டதாகச் சொன்னான்.

மாலை லோஷ்னியோடு டீ. கோப்பைக்கு ஏற்ற சாசரை எடுக்காமல் கோப்பையை மட்டும் கையில் ஏந்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

தாத்தாவின் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக் கூலியாகக் கப்பலேறியவராம். மாயவரம் தாலுகா என்பது வரை தெரியும், ஊர் தெரியாது. வீட்டில் ஆங்கிலம்தான், அவளுடைய பாட்டிக்கே தமிழ் சரியாக வராதாம். இவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் தின்பண்டமும் திட்டும்.

"வேர் தேடி வந்தாயா?" என்று கேட்டேன்.

"எல்லோரும் இதையே கேட்கிறார்கள். வேலை தேடி வந்தேன், ஆன்ட்டி."

அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. வேகம். வார்த்தைகளின் வாலை விழுங்குகிறாள். கான்வென்ட்டில் எங்களுக்கு மதர் பெர்னடெட் ஒரு மெய்யெழுத்தை விட்டாலும் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்.

20 ஜூன், வெள்ளி

கும்பகோணம் சாலையில் பள்ளி வைத்திருக்கிற பேனரை இன்று காரிலிருந்து பார்த்தேன். பொன்னிற முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் பூகோள உருண்டையோடு சிரிக்கிறாள். எங்கிருந்து எடுத்தார்களோ.

நடராசனின் மகன் ராஜ்குமார் வீட்டுக்கு வந்தான். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறான். அவன் மகள் வானதி பொன்வயலில் ஒன்பதாம் வகுப்பு. பெற்றோர் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். அப்பா என்னை அம்மா என்பான். மகன் மேடம் என்கிறான்.

"பேனர்ல இருந்தது ஒரு ஆளு, வந்தது ஒரு ஆளு மேடம். இதுக்குத் தனியா ஃபீஸ் வாங்குறாங்க. நம்ம ஊருலேருந்து கூலிக்குப் போன குடும்பத்துப் பொண்ணு, ஆப்பிரிக்காவைச் சுத்திட்டு வந்தா வெள்ளக்காரி ஆயிடுமா?"

"ஆங்கிலம்தான் அவளுடைய பாஷை" என்றேன்.

"இருக்கலாம். யாரு நம்புவா? துபாய்ல எனக்கு வேலை தெரியும் மேடம், இங்கிலீஷ் தெரியாது. எனக்கு அப்புறம் வந்த வெள்ளக்காரப் பையன் எனக்கே சூப்பர்வைசர். பத்து வருஷமும் ஹெல்பராவே இருந்துட்டு வந்தேன். எம்பொண்ணுக்கு அது வேண்டாம்னுதான் இவ்வளவும்."

அவன் சொன்னதில் எனக்கு மறுக்கத் தோன்றியதும் இருந்தது, மறுக்க முடியாததும் இருந்தது. காபி கொடுத்து அனுப்பினேன்.

25 ஜூன், புதன்

பெற்றோர்கள் முணுமுணுக்கிறார்கள், ஒருமுறை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று புகழேந்தி கேட்டிருந்தார். போனேன். ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள்.

லோஷ்னி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆற்றில் குறைவாகத் தண்ணீர் வந்தால் முதலில் யாருக்கு விடுவது, வாய்க்காலின் தலைப்பு வயலுக்கா, கடைசியில் இருக்கிற கடைமடைக்கா என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு நிஜமாகவே விடை தெரியாது. அது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார்கள். மதகு, முறைப்பாசனம் இதற்கெல்லாம் ஆங்கிலம் தெரியாமல் கையால் காட்டினார்கள், பலகையில் வாய்க்கால் வரைந்தார்கள். என் பேச்சுப் போட்டியில் இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்ததைச் சொல்ல வந்து பாதியில் அழுதுவிட்டுப் போகிற வானதி எழுந்து, கடைமடைக்காரன் என்ன பாவம் செய்தான் என்று சண்டை போட்டாள். வாக்கியத்துக்கு இரண்டு தப்பு. உட்காரவே இல்லை.

நான் தப்புகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். வானதியுடையதை. லோஷ்னியுடையதையும்.

27 ஜூன், வெள்ளி

புகழேந்தி வந்து அபிப்பிராயம் கேட்டார். கேட்டால் உள்ளதைச் சொல்வது என் வழக்கம். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வைக்கத்தக்க உச்சரிப்பு அவளிடம் இல்லை, நாங்கள் கற்ற ஆங்கிலம் இது இல்லை என்றேன்.

"அப்ப ஸ்டாண்டர்ட் இல்லேன்னு எடுத்துக்கலாமா மேடம்?"

"எடுத்துக்கொள்ளலாம்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

30 ஜூன், திங்கள்

நேற்றுப் பெற்றோர் கூட்டம். எனக்கு அழைப்பு இல்லை. இன்று காலை பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததை ராஜ்குமார் எனக்கும் அனுப்பியிருந்தான். 'ஆங்கிலத்தில் மூத்த நிபுணர் திருமதி அகிலாண்டம் ராஜகோபாலன் அவர்கள் நேரில் ஆய்வு செய்து தரம் போதாது என்று தெரிவித்ததன் அடிப்படையில்' — இப்படிப் போகிறது. ஜூலை நடுவோடு லோஷ்னியின் ஒப்பந்தம் முடிகிறது. வேலையை வைத்துக் கொடுத்த விசா. வேலை போனால் இங்கே இருக்க முடியாது.

தரம் போதாது என்று நான் சொன்னேனா?

எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

பள்ளியிலிருந்து வந்ததும் அவள் மாடிக்குப் போகவில்லை. என் எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீங்கள் சொன்னீர்களா, ஆன்ட்டி?"

"உச்சரிப்பைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன்."

"கொரியாவில் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன், இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். வியட்நாமில் வேலை கொடுத்தார்கள், பெற்றோர் வருகிற நாளில் மட்டும் என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். இங்கே வரும்போது, இந்த ஒரு ஊரிலாவது என் முகம் ஒரு பிரச்சினையாக இருக்காது என்று நினைத்தேன்." பிறகு, "உங்கள் தலைக்கு மேலேதான் குடியிருக்கிறேன். முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

இரவு அவள் சாப்பிட இறங்கி வரவில்லை.

1 ஜூலை, செவ்வாய்

நான் சொன்னது உண்மை. பொய் சொல்லவில்லை.

3 ஜூலை, வியாழன்

பொன்வயலில் ஆங்கிலம் நடத்துகிற ஆமினா, லோஷ்னிக்குத் தூக்கு வாளியில் பிரியாணி கொண்டுவந்தாள். லோஷ்னி குளித்துக்கொண்டிருந்ததால் கூடத்தில் என்னோடு உட்கார வேண்டி வந்தது. எனக்குப் பயப்படாமல் பேசுகிற ஆள் அந்தப் பள்ளியில் இவள் ஒருத்தி.

"எங்களுக்கெல்லாம் அவங்க மேல கடுப்புதான் மேடம். நான் எம்.ஏ., பி.எட். பன்னெண்டு வருஷமா அங்க தொண்டை கிழியக் கத்துறேன். வந்தவுடனே அவங்களுக்கு ஏசி ரூம். அதெல்லாம் நான் மறைக்கல."

"பிறகு எதற்குப் பிரியாணி?"

"கடுப்பு ஸ்கூல் மேல வேற, அவங்க மேல வேறயா ஆயிடுச்சு. அவங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியாதுன்னு அனுப்பியிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். முகத்துக்காக அனுப்பிட்டு, உங்க வாயை வச்சு மூடிட்டாங்க. அதான்."

"நான் உச்சரிப்பைத்தான் சொன்னேன் ஆமினா."

"ஒண்ணு கேக்கவா? தப்பா எடுத்துக்காதீங்க. அயர்லாந்து மதர்கிட்ட படிச்சேன்னு எங்க எல்லாருக்கும் சொல்வீங்களே. அவங்க பேசினது லண்டன் இங்கிலீஷா?"

லோஷ்னி இறங்கி வந்துவிட்டாள். இருவரும் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மதர் பெர்னடெட் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஏதோ பால்மாட்டுக் கிராமம். ஒருமுறை மெட்ராஸிலிருந்து வந்த ஆங்கிலேயப் பாதிரியார் மதர் பேசுவதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். மதரின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. பாதிரியாருக்குக் காது மந்தம் என்று நாங்கள் வகுப்பில் பேசிக்கொண்டோம். அறுபது வருஷம் கழித்தும் நான் அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதர் பார்க்க இந்தப் பெண்ணைப் போல இருந்திருந்தால் அவரிடம் குற்றம் கண்டுபிடித்திருப்பேனா? எழுத வேண்டியதில்லை. தெரியும்.

5 ஜூலை, சனி

பாஸ்டனிலிருந்து மகன் நவநீத் பேசினான். நாளை பெற்றோர்கள் மறுபடி கூடுகிறார்கள், நான் போகப் போகிறேன் என்றேன். "அம்மா, நீ ஏன் இதுல தலையிடறே? ஸ்கூல் பாலிடிக்ஸ். பேசாம இரு" என்றான். தலையிட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

கோபம் வந்தால் எனக்குத் தமிழில்தான் வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வந்தவள். என் கணவர் இறந்த அன்று தமிழில் எழுதினேன், பிறகு மாற்றவில்லை. காரணம் கேட்டுக்கொண்டதும் இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

கூப்பிடாத இடத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை.

பள்ளி ஹாலில் நூறு பேருக்கு மேல். புகழேந்தி எழுந்து வந்து முன் வரிசையில் உட்கார வைத்தார். அடுத்த டீச்சரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பேச்சு. போட்டோ பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு அம்மாள் சொன்னார், பலரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். மைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என் பேரைச் சொல்லி ஒரு டீச்சரை அனுப்பறீங்க. பிள்ளைங்க அவகிட்ட படிக்கறாங்களான்னு பார்க்கத்தான் என்னை அனுப்பினாங்க. நான் அதைப் பார்த்தேன். படிக்கறாங்க. ஆனா திரும்பி வந்து, அவ எப்படிப் பேசறாங்கறதை மட்டும் சொன்னேன். அது தப்பு. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

ராஜ்குமார் எழுந்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"அப்ப அன்னிக்குச் சொன்னது யாரு மேடம்?"

"அன்னிக்குச் சொன்னதும் நான்தான்."

"எதை நாங்க எடுத்துக்கறது?"

"உங்க பொண்ணு இப்ப வீட்ல இங்கிலீஷ்ல சண்டை போடறாளா இல்லையா? அதை எடுத்துக்குங்க."

சிலர் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "போடறா மேடம். ஆனா நாளைக்கு இண்டர்வியூல எம்பொண்ணு யார்கிட்ட படிச்சான்னு போட்டோ காட்டணும்ல. அப்ப யாரைக் காட்டுறது?" என்றான். அதற்கு ஹாலில் ஆமாம் ஆமாம் என்று சத்தம் எழுந்தது.

புகழேந்தி மைக்கை வாங்கி, வயதையும் பாராமல் வந்த எனக்கு நன்றி சொன்னார். சால்வை போட்டார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

சால்வையைக் காரிலேயே விட்டுவிட்டேன்.

7 ஜூலை, திங்கள்

முடிவு மாறவில்லை என்று புகழேந்தியின் அலுவலகத்திலிருந்து போன். அவர் பேசவில்லை.

18 ஜூலை, வெள்ளி

நாளை காலை போகிறாள். திருச்சி வரை ஆமினா கூடப் போகிறாள்.

இத்தனை நாளும் சொல்ல நினைத்து, சரியான சொல் வரட்டும் என்று தள்ளிப்போட்டதை இன்று சொன்னேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்றேன். சரியான சொல் எதுவும் வந்திருக்கவில்லை.

"ஓகே ஆன்ட்டி" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயமாகப் பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "வேறு பள்ளிகள் என்னைப் பற்றி விசாரிப்பார்கள். இங்கே பள்ளியில் போனை எடுக்க மாட்டார்கள். உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"கொடு."

"என்ன சொல்வீர்கள்?"

"பார்த்ததைச் சொல்வேன்."

"காதில் கேட்டதையும்?" என்று கேட்டுவிட்டுத் துணியை மடித்தாள். கொஞ்சம் சிரித்தாள் என்று நினைக்கிறேன். வெளிச்சம் போதவில்லை.

19 ஜூலை, சனி

போய்விட்டாள். அறையைத் துப்புரவாகப் பெருக்கி வைத்திருந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வரப்பு உடைந்த விஷயமாக ராஜ்குமார் வந்தான். பேசி முடித்த பிறகும் நின்றான். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு மேடம்? வானதி கேட்டுட்டே இருக்கா" என்றான். டர்பனில் அவள் அம்மா வீட்டில், வேலை இல்லாமல் இருக்கிறாளாம், ஆமினா சொன்னாள் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

8 செப்டம்பர், திங்கள்

பொன்வயலுக்குப் புது ஆசிரியர் வந்துவிட்டார். ஏதோ ஐரோப்பிய நாடு. அவருக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானாம். பேனரில் அது இல்லை. மாலை, போட்டோ எல்லாம் குறைவில்லாமல் நடந்ததாம். "தங்கமான மனுஷன் மேடம். பாடம் மட்டும் நடத்த வராது. அதை யாரும் கேக்கல" என்று ஆமினா போனில் சொன்னாள்.

இந்த வருஷம் பேச்சுப் போட்டிக்கு நடுவர் வேறு யாரோ. எனக்கு அழைப்பு வரவில்லை.

17 அக்டோபர், வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. சம்பா நட்டது பிழைக்கும் என்கிறான் நடராசன். லோஷ்னியிடமிருந்து ஒன்றும் இல்லை.

4 நவம்பர், செவ்வாய்

மத்தியானம் மஸ்கட்டிலிருந்து போன். அங்கே ஒரு பள்ளியின் முதல்வர். பேச்சில் மலையாள வாடை. லோஷ்னி கோவெண்டரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார். எழுந்து போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நேரத்துக்கு வருவாரா என்று கேட்டார். வருவாள். பிள்ளைகள் கட்டுப்படுவார்களா? கட்டுப்பட மாட்டார்கள், பேசுவார்கள், அதுதான் உங்களுக்கு வேண்டும் என்றேன். கடைமடைத் தண்ணீர் வகுப்பைச் சொன்னேன். இரண்டு வருஷமாக என் முன்னால் வாய் திறக்காத பெண் அன்று உட்காரவில்லை என்பதையும் சொன்னேன். உச்சரிப்பு எப்படி என்றார். டர்பன் உச்சரிப்பு, முதல் வாரம் காதுக்குப் பழக வேண்டும், எனக்கு அதற்கு மேல் ஆனது, அது என் குறை என்றேன்.

"நேட்டிவ் ஸ்பீக்கர்தானே, மேடம்?"

"ஆமாம். ஆங்கிலம் அவளுக்குத் தாய்மொழி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கு இல்லை. நான் படித்துக்கொண்டவள்" என்றும் சொன்னேன்.

அவர் தயங்கினார். கேட்க விரும்பாததைக் கேட்கிற குரல். "எங்கள் பெற்றோர்கள் கொஞ்சம்... நீங்கள் புரிந்துகொள்வீர்கள். பார்ப்பதற்கு எப்படி இருப்பார்?"

"என்னைப் போல" என்றேன்.

முகத்தைப் பற்றி அவர் மேலே கேட்கவில்லை. எந்தத் தேதியில் வந்து சேர முடியும், தங்க இடம் வேண்டுமா, சம்மதிப்பாரா என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார்.

அவளிடம் கேளுங்கள் என்று சொல்லி, லோஷ்னியின் எண்ணை நிதானமாக இரண்டு தடவை படித்தேன்.